ஏலக்காட்டு நிழலில் கொக்கிப்புழு

விடிகாலை நாலரை மணி. போடிநாயக்கனூர் பேருந்து நிலையத்தைச் சுற்றியுள்ள டீக்கடைகளில் நிற்கக்கூட இடமில்லை. இரவு முழுக்கத் தூறிய ஐப்பசி மழையில் ரோடு இன்னும் காயவில்லை. ஓரமாக நின்ற ஜீப்புகளைச் சுற்றி ஒரே பெண்கள் கூட்டம். ஆளுக்கொரு தூக்குவாளி, மடித்த சாக்கு, மழைக்குப் போர்த்திக்கொள்ள ஒரு பிளாஸ்டிக் தாள். டிரைவர்கள் பூப்பாறை, சாந்தன்பாறை என்று குரல் கொடுக்கிறார்கள். ‘மலைக்குப் போறவுக’ என்றால் எங்கள் ஊரில் எல்லோருக்கும் புரியும். கேரளப் பக்கத்து ஏலத்தோட்டங்களுக்கு அன்றாடம் ஏறி அன்றாடம் இறங்கும் கூலிப் பெண்கள். என் அம்மாவும் இருபது வருஷம் இப்படித்தான் ஏறி இறங்கினாள்.

அவர்கள் ஜீப்பில் ஏற ஏற, நான் கால்களைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன். பெரும்பாலும் ரப்பர் செருப்பு, அதுவும் குதிகால் பக்கம் தேய்ந்து தாள் போல ஆனது. இரண்டு பேர் வெறுங்கால். ஒரு அக்காவின் பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவே மஞ்சள் அப்பியிருந்தது. “சேத்துப்புண்ணு தாயி, மழ பேஞ்சா வந்துரும்” என்றார். இப்படி மண்ணிலிருந்து காலில் ஏறும் நோயைப் பற்றித் தெரிந்துகொள்ளத்தான் முந்தைய நாள் மதுரையிலிருந்து ரயிலேறி வந்திருந்தேன்.

உலக சுகாதார நிறுவனம் ‘புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்கள்’ என்று ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. யானைக்கால், கருங்காய்ச்சல், வெறிநாய்க்கடி, பாம்புக்கடி என்று 20-க்கும் மேற்பட்டவை அதில் உண்டு. ஏழைகளுக்கு வருவதால் மருந்து கம்பெனிகளும் அரசாங்கங்களும் நெடுங்காலம் திரும்பிப் பார்க்காத நோய்கள். அவற்றில் உலகத்தில் அதிகம் பேரைப் பிடித்திருப்பது மண்ணிலிருந்து தொற்றும் குடற்புழு. அந்த நிறுவனத்தின் கணக்கில் ஏறத்தாழ 150 கோடிப் பேர். நாக்குப்பூச்சி, சாட்டைப்புழு, கொக்கிப்புழு என்று இதில் மூன்று வகை. பிள்ளைகளை அதிகம் பிடிப்பவை முதல் இரண்டும். கொக்கிப்புழு மண்ணில் உழைக்கிற பெரியவர்களின் நோய்.

என் அம்மாவுக்கு அதுதான் இருந்தது. எனக்குப் பத்து வயது இருக்கும்போது அவள் நாக்கு வெளிறிப் போயிருந்தது. குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு நாலு வீடு தாண்டுவதற்குள் மூச்சு வாங்கும். அரிசிப்பானைப் பக்கம் போனால் ஒரு பிடி பச்சரிசியை அள்ளி வாயில் போட்டு மென்றுகொண்டே இருப்பாள். ரத்தசோகை என்று ஒரு ஆஸ்பத்திரியில் இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார்கள். நாலு வருஷம் கொடுத்தார்கள். மாத்திரை தின்றால் கொஞ்சம் தேறுவாள், விட்டால் பழையபடி படுப்பாள். பிறகு வேறொரு ஊரில் ஒரு டாக்டரம்மா, “என்ன வேலைக்குப் போறீங்க?” என்று கேட்டார். அதுவரை யாரும் கேட்காத கேள்வி. ஏலத்தோட்டம் என்றதும் மலப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார். அந்த ஒரு கேள்வி நாலு வருஷம் முன்பே வந்திருந்தால் என்ற எண்ணம் எனக்கு இன்னும் அடங்கவில்லை.

முந்தல் சோதனைச்சாவடி தாண்டியதும் ஏற்றம். கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் ஜீப்புக்குள் பதினாலு பேரும் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து நிமிர்ந்தோம். யாரும் பேசவில்லை. தூக்கம் மிச்சமிருந்தது. கீழே போடியின் விளக்குகள் தெரிந்தன, பிறகு மேகம் வந்து மூடிக்கொண்டது. போடிமெட்டில் இறங்கி ஒரு கட்டன்சாயா. எல்லைக்கு அந்தப் பக்கம் போனதும் காற்றே வேறு. ஈரம் முகத்தில் ஒட்டியது.

ஏலக்காடு என்பதைக் கடையில் விற்கும் பச்சைக்காயை வைத்துக் கற்பனை செய்ய முடியாது. செடி ஆள் உயரத்துக்கு மேல் இஞ்சி இலை போல வளர்ந்து நிற்கும். காய் மேலே இருக்காது. தூரிலிருந்து சரம் சரமாகக் கிளம்பி, மண்ணில் படர்ந்து, உதிர்ந்த இலைக்கடியில் கிடக்கும். மூத்த காயை மட்டும் பார்த்து எடுத்து, பிஞ்சை அடுத்த சுற்றுக்கு விட வேண்டும். ஆகவே குனிந்தால் போதாது, உட்கார வேண்டும். நாள் முழுக்க ஒவ்வொரு தூராக உட்கார்ந்து, இலையை விலக்கி, விரலால் துழாவ வேண்டும்.

நான் ஒரு அத்தைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஐம்பதைத் தாண்டியவர், முப்பது வருஷமாக மலைக்கு வருகிறார். சரிவில் வழுக்குகிறது என்று செருப்பை மேட்டிலேயே கழற்றிவிட்டார். இடுப்பில் சாக்குப்பை. இடக்கை இலைச்சருகைத் தள்ளும், வலக்கை சரத்தின் அடியில் நுழையும், நகம் காம்பைக் கிள்ளும், காய் பைக்குள் விழும். அந்த வேகத்தில் நான் ஒரு காய் எடுப்பதற்குள் அவர் பத்து எடுத்தார். அவர் கையைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். விரல் நுனியெல்லாம் கறை ஏறிக் கறுத்து, ரேகை தெரியாமல் வெடித்திருந்தது. வெடிப்புக்குள் மண். விரலிடுக்கில் சின்னச் சின்னச் சிவப்புப் புள்ளிகள்.

“அரிக்குதா அத்தை?”

“ரெண்டு நாளைக்கு அரிக்கும். அட்டக்கடியோ என்னமோ. அதப் பாத்தா சோலி நடக்குமா?”

அட்டை கடித்தால் ரத்தம் வடியும், தெரியும். இது வேறாக இருக்கலாம். கொக்கிப்புழு உள்ளே நுழையும் வாசல் இப்படித்தான் சிவந்து அரிக்கும். இரண்டொரு நாளில் அதுவாக அடங்கிவிடும் என்பதால் யாரும் அதைப் பெரிதாக நினைப்பதில்லை. வெறும் கண்ணால் பார்த்து இதுதான் என்று சொல்லிவிட முடியாது. அதற்குத்தான் பரிசோதனை.

புழு நடக்கும் பாதையைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது தெரிந்தால்தான் இந்தத் தோட்டத்தைப் பார்க்கும் கண் மாறும். தொற்றுள்ள ஒருவரின் மலத்தில் முட்டை வெளியேறும். ஈரமும் நிழலும் மிதமான சூடும் இருந்தால் ஒன்றிரண்டு நாளில் பொரிந்துவிடும். ஐந்து முதல் பத்து நாளில் அந்தக் குஞ்சுப்புழு தோலைத் துளைக்கத் தயாராகும். பிறகு மூன்று நான்கு வாரம் வரை மண்ணில் காத்திருக்கும். வெயில் பட்டால், மண் காய்ந்தால் செத்துவிடும். கால் விரலிடுக்கிலோ கை விரலிடுக்கிலோ தோலைத் துளைத்து ரத்தத்தில் கலந்து, நுரையீரல் வழியாகத் தொண்டைக்கு ஏறி, எச்சிலோடு விழுங்கப்பட்டு, சிறுகுடலில் போய்ச் சுவரைக் கவ்விக்கொள்ளும். ஒரு சென்டிமீட்டர் நீளம்தான். வருஷக்கணக்கில் உயிரோடு இருக்கும்.

ஏலச்செடிக்கு நேர் வெயில் ஆகாது. பலாவும் மற்ற மரங்களும் மேலே குடை பிடிக்க வேண்டும். வேர்ப்பக்கம் ஈரம் காயக்கூடாது. அதனால் உதிர்ந்த இலையைத் தூரைச் சுற்றி மூடாக்காகப் போடுகிறார்கள். நல்ல விவசாயி பார்த்துப் பார்த்துச் செய்யும் இந்தக் காரியங்கள் எல்லாம் கொக்கிப்புழுக் குஞ்சுக்கும் தொட்டில் கட்டிக் கொடுக்கின்றன. யாருடைய தப்பும் இல்லை. ஆனால் இந்த நிழலில் கை வைத்து வேலை பார்ப்பவருக்கு அந்த விஷயத்தைச் சொல்ல வேண்டிய கடமை இருக்கிறது.

தோலைத் துளைத்து வருகிறது என்பதே உலகத்துக்கு ஒரு விபத்தில்தான் தெரிந்தது. 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் எகிப்தின் கெய்ரோவில் ஆர்தர் லூஸ் என்ற ஜெர்மானிய ஆய்வாளர் குஞ்சுப்புழு கலந்த தண்ணீரைத் தவறுதலாகத் தன் கையில் சிந்திக்கொண்டார். அந்த இடம் சிவந்து எரிந்தது. சில வாரம் கழித்துத் தன் மலத்திலேயே கொக்கிப்புழு முட்டையைக் கண்டார். அதற்கு முன்பு வரை வாய் வழியாக மட்டுமே வருகிறது என்று நினைத்திருந்தார்கள். அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது எனக்கு லூஸின் கைதான் ஞாபகம் வந்தது. அவருக்குத் தன் கையில் நடந்ததைத் தொடர்ந்து பார்க்க ஒரு ஆய்வகம் இருந்தது.

சாப்பாட்டு நேரத்தில் கேட்கக் கூச்சப்பட்ட கேள்வியைக் கேட்டேன். ஒதுங்குவது எங்கே? பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். கட்டிய கழிப்பறை காய் உலர்த்தும் ஸ்டோர் பக்கம் இருக்கிறது. நாங்கள் இருந்த சரிவிலிருந்து ஏறிப் போய் வர அரைமணி நேரம் ஆகும். கங்காணி ஒன்றும் சொல்லமாட்டார், ஆனால் யாரும் போவதில்லை. “இங்கிட்டே அங்கிட்டே மறவாப் போயிருவோம். அதுக்குத்தான் தண்ணியே குடிக்கிறதில்ல” என்றார் ஒரு சின்னப் பெண். புதரில் ஆனை நிற்குமோ, பாம்பு கிடக்குமோ என்ற பயம் தனி. இன்று மறைவாக இருக்கும் தூர், அடுத்த சுற்றுக் காய் எடுப்பில் யாரோ ஒருத்தியின் கை நுழையும் தூர்.

1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனியாக, எளிதில் போய்வரும் இடத்தில் கழிப்பறை வேண்டும் என்று எழுதி வைத்தது. பிறகு வந்த திருத்தத்தில் ஐந்து ஹெக்டேரும் 15 ஆட்களும் உள்ள தோட்டம் வரை அதற்குள் கொண்டுவந்தார்கள். ஏலமலையில் இரண்டு ஏக்கர், மூன்று ஏக்கர் வைத்திருப்பவர்கள் ஏராளம். அவர்களுடைய காட்டில் வேலை பார்க்கும் பெண்ணுக்கு அந்த எழுத்து எட்டியதில்லை.

கழிப்பறை இல்லாமல் மருந்து மட்டும் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்குத் தமிழர் வரலாற்றிலேயே சாட்சி இருக்கிறது. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போன நம் ஜனங்களிடம் கொக்கிப்புழு கணக்கில்லாமல் இருந்தது. 1916 வாக்கில் அமெரிக்காவின் ராக்பெல்லர் அறக்கட்டளை மாத்தளைப் பக்கம் சிகிச்சை தொடங்கியது. ராமநாதபுரத்து மண்டபம் முகாமில் கப்பலேறக் காத்திருந்தவர்களுக்கும் புழு மருந்து புகட்டித்தான் அனுப்பினார்கள். 1920-களில் சென்னை மாகாணத்திலும் அதே அறக்கட்டளை வேலை செய்தது. மருந்து கொடுத்தபோது புழு விழுந்தது. தோட்டத்தில் கழிப்பறை கட்டச் செலவழிக்கத் துரைமார் முன்வராததால் திரும்பவும் தொற்றியது. நூறு வருஷத்துக்கு முன்பு கண்ணால் பார்த்த பாடம் இது.

இதற்கு நேர் எதிரான கதையும் நம்மிடம் உண்டு. நரம்புச் சிலந்தி என்று ஒரு நோய் இருந்தது. காலில் கொப்புளம் கிளம்பி, அதிலிருந்து முழ நீளத்துக்கு வெள்ளைப் புழு வெளியே வரும். படிக்கிணற்றில் இறங்கித் தண்ணீர் எடுக்கும் ஊர்களில் அது பரவியது. அந்த நோய் இருந்த மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. அதற்கு மருந்தும் கிடையாது, தடுப்பூசியும் கிடையாது. தண்ணீரைத் துணியில் வடிகட்டச் சொன்னார்கள், படிக்கிணறுகளை மூடினார்கள், அடிகுழாய் போட்டார்கள். கடைசி நோயாளி 1996 ஜூலையில் ராஜஸ்தானில். 2000-இல் இந்தியாவுக்கு உலக சுகாதார நிறுவனம் சான்றிதழ் கொடுத்தது. ஒரு மாத்திரை கூட இல்லாமல் ஒரு நோயை இந்த நாடு முடித்துக் காட்டியிருக்கிறது.

மத்தியானம் மூன்றரைக்கு மேல் ஜீப் இறங்கியது. முந்தலில் நான் இறங்கிக்கொண்டேன். மலையடிவாரத்தில் அன்று ஒரு கால்நடை மருத்துவர் ஆடுகளைப் பார்த்துக்கொண்டிருப்பதாகச் சொல்லியிருந்தார்கள். மலைமாடுகளும் ஆடுகளும் அடிவாரக் காட்டில் மேய்ந்து திரும்பும் நேரம். கிடைக்காரர் ஒருவர் மெலிந்த வெள்ளாடு ஒன்றைக் கால்களுக்கு நடுவில் இடுக்கிப் பிடித்திருந்தார். அதன் தாடைக்குக் கீழே பை மாதிரி வீங்கித் தொங்கியது. டாக்டர் கட்டைவிரலால் ஆட்டின் மேல் இமையை அழுத்தி, கீழ் இமையை இறக்கினார். உள்பக்கம் சிவப்பாக இருக்க வேண்டிய தோல் காகிதம் போல வெளுத்திருந்தது.

“ரத்தம் முழுக்கப் புழு குடிச்சிருச்சு” என்றார்.

ஆட்டின் நாலாம் இரைப்பையில் குடியிருக்கும் அந்தப் புழுவுக்குக் கம்பப்புழு என்று டாக்டர் ஒரு பேர் சொன்னார். வெள்ளையும் சிவப்புமாகச் சுற்றிக்கொண்டிருக்குமாம், நாவிதர் கடைக் கம்பம் மாதிரி. ஒரு புழு ஒரு நாளைக்கு 0.05 மில்லி ரத்தம் குடிக்கும். தென்னாப்பிரிக்காவில் கண்டுபிடித்த ஒரு நிற அட்டை உண்டு, ஃபாமச்சா என்று பெயர். இமையின் நிறத்தை அட்டையிலுள்ள ஐந்து நிறங்களோடு ஒப்பிட்டு, வெளுத்த ஆட்டுக்கு மட்டும் மருந்து கொடுக்கலாம். மந்தை முழுவதற்கும் ஒரே மருந்தைத் திரும்பத் திரும்பக் கொடுத்தால் புழு அதற்குப் பழகி, பிறகு மருந்தே வேலை செய்யாது. உலகம் முழுக்க ஆடு வளர்ப்பவர்கள் பட்டுத் தெரிந்துகொண்ட விஷயம் அது.

மனிதருக்குக் கொடுக்கும் பூச்சி மருந்துகளில் முக்கியமானவை கால்நடையிடமிருந்து நம்மிடம் வந்தவை. அல்பெண்டசோல் 1970-களில் ஆட்டுக்கும் மாட்டுக்கும் வந்து, 1980-களில்தான் மனிதருக்கு வந்தது. ஐவர்மெக்டினும் அப்படியே. அதைக் கண்டுபிடித்ததற்காக வில்லியம் கேம்ப்பெல்லும் சதோஷி ஓமுராவும் 2015-இல் நோபல் பரிசு பெற்றார்கள். ஆகவே கால்நடை மருத்துவர்களுக்குத் தெரிந்ததை மனித மருத்துவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்பது நல்லது. தேனி மாவட்டத்தில் 2020 முதல் ஒரு கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, க.விலக்கில் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. இரண்டும் சேர்ந்து இந்த மலைச்சரிவின் மண்ணையும் மனிதரையும் நாயையும் ஒரே நேரத்தில் பரிசோதித்தால் எவ்வளவோ தெரியவரும்.

நாயைச் சொல்லக் காரணம் இருக்கிறது. கொக்கிப்புழுவில் மனிதரைப் பிடிப்பவை முக்கியமாக இரண்டு இனம். மூன்றாவதாக ஒன்று நாய், பூனையிடமிருந்து மனிதருக்கும் வரக்கூடியது. அதன் அறிவியல் பெயரிலேயே சிலோன் இருக்கிறது. 1911-இல் இலங்கையின் புனுகுப்பூனை ஒன்றிலிருந்து கிடைத்த புழுவை விவரித்து அந்தப் பெயரை வைத்தவர் அதே ஆர்தர் லூஸ்தான். அஸ்ஸாம் தேயிலைத் தோட்டங்களில் நாய்களின் கொக்கிப்புழுவை ஆராய்ந்திருக்கிறார்கள். தமிழ்நாட்டில் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் ஒரு மலைவாழ் பகுதியில் மனிதர், நாய், மண் மூன்றிலிருந்தும் மாதிரி எடுத்து மரபணு பார்த்தார்கள். மனிதரிடம் மிகுதியாக இருந்தது நெகேட்டர் அமெரிக்கானஸ் என்ற மனிதக் கொக்கிப்புழு. ஏலத்தோட்டத்து லயங்களைச் சுற்றி நாய்கள் ஏராளம். ஆனைக்கும் பன்றிக்கும் காவல் அவைதான். அவற்றுக்கும் ஆறுமாதத்துக்கு ஒருமுறை பூச்சி மருந்து கொடுத்தால் வீட்டுப் பிள்ளைகளுக்கும் நல்லது.

அந்த ஆட்டின் இமையைப் பார்த்த கையோடு, மறுநாள் காலையில் போடிக்குப் பக்கத்து ஊர் ஒன்றின் துணை சுகாதார நிலையத்தில் உட்கார்ந்திருந்தேன். நர்சம்மா ஒரு பெண்ணின் கீழ் இமையை இறக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். கட்டைவிரலின் அதே அசைவு. உள்ளே அதே வெளுப்பு.

தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின் ஐந்தாவது சுற்றில், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்று வந்தது. அதற்குச் சாப்பாடு, மாதவிடாய், பிரசவம் என்று பல காரணங்கள். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு நெகேட்டர் புழு ஒரு நாளைக்கு 0.03 மில்லி ரத்தம் எடுக்கும். நூறு புழு இருந்தால் மாதத்துக்கு 90 மில்லி. மாதவிடாயில் இழப்பதற்கு மேல் இது தனி. இரும்புச்சத்து மாத்திரையை மேலே ஊற்ற ஊற்றக் கீழே ஓட்டை வழியாக ஒழுகிக்கொண்டிருக்கும். என் அம்மாவுக்கு நாலு வருஷம் நடந்தது அதுதான்.

“பூச்சி மாத்திரை யாருக்கெல்லாம் குடுக்கிறீங்க சிஸ்டர்?” என்று கேட்டேன்.

2015-இல் தொடங்கிய குடற்புழு நீக்க நாள் இப்போது நாடு முழுக்க நடக்கிறது. பிப்ரவரியிலும் ஆகஸ்டிலுமாக வருஷத்துக்கு இரண்டு முறை, ஒரு வயது முதல் 19 வயது வரை உள்ளவர்களுக்கு அல்பெண்டசோல். தமிழ்நாடு இன்னும் ஒரு படி மேலே போய், கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் நீங்கலாக 20 முதல் 30 வயதுப் பெண்களையும் சேர்த்திருக்கிறது. இது நல்ல முடிவு, இதைச் செய்தவர்களைப் பாராட்ட வேண்டும். ஆனால் நான் போன ஜீப்பில் முப்பது வயதுக்குக் கீழே இருந்தவர்கள் இரண்டே பேர். மற்றவர்கள் எல்லாம் நாற்பது, ஐம்பது. மண்ணில் கை வைப்பவர்கள் பட்டியலுக்கு வெளியே இருக்கிறார்கள்.

பெரியவர்களை விட்டுவிட்டால் என்ன ஆகும் என்பதை ஆராய வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி ஒரு பெரிய முயற்சியில் பங்கெடுத்தது. டீவோர்ம்3 என்று பெயர். ஆப்பிரிக்காவில் பெனின், மலாவி, இங்கே தமிழ்நாடு. இங்கே எடுத்துக்கொண்ட இடங்கள் ஜவ்வாது மலையும் திமிரி வட்டாரமும். இடத்துக்கு 40 பகுதிகள் எனப் பிரித்து, பாதியில் வழக்கம் போலப் பிள்ளைகளுக்கு மட்டும், மீதிப் பாதியில் வீடு வீடாகப் போய்ப் பெரியவர் சிறியவர் எல்லோருக்கும் வருஷத்துக்கு இரண்டு முறை மாத்திரை கொடுத்தார்கள். மூன்று வருஷம் இப்படிக் கொடுத்தால் பரவலையே அறுத்துவிட முடியுமா என்பதே கேள்வி. தொடங்கும் முன் எடுத்த பரிசோதனையில் நூற்றுக்கு ஏறத்தாழ 21 பேரிடம் கொக்கிப்புழு இருந்தது. வயது ஏற ஏறத் தொற்றும் ஏறியது, சமவெளியைவிட மலையில் அதிகம். பள்ளிக்கூடங்களில் பூச்சி மாத்திரை கொடுக்கத் தொடங்கிய பிறகும் பெரியவர்களிடம் இந்த நிலை.

ஏலமலைக்கு அப்படி ஒரு ஆய்வு வேண்டும் என்று நான் கேட்கிறேன். அது லேசான காரியம் இல்லை என்பதும் தெரிகிறது. மலத்தில் முட்டை எண்ணும் முறை கேட்டோ–காட்ஸ். ஒரு அச்சில் 41.7 மில்லிகிராம் மலம் எடுத்து, கண்ணாடித் துண்டில் வைத்து, கிளிசரினில் ஊறிய செல்லோபேன் தாளை மேலே ஒட்டி அழுத்திப் பார்க்க வேண்டும். கொக்கிப்புழு முட்டையின் ஓடு மெல்லியது. தயார் செய்த அரைமணி, ஒருமணி நேரத்துக்குள் எண்ணாவிட்டால் கிளிசரினில் கரைந்து கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். ஆகவே நுண்ணோக்கியை மலைப்பக்கம் கொண்டுபோக வேண்டும், மலையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவர முடியாது.

மாத்திரையின் எல்லையையும் சொல்ல வேண்டும். ஒரு வேளை அல்பெண்டசோல் கொக்கிப்புழுத் தொற்றுள்ள ஐந்து பேரில் ஏறக்குறைய நாலு பேருக்குக் குணமாக்குகிறது. ஆனால் பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, சிகிச்சைக்குப் பிறகு ஓராண்டில் பழைய தொற்றளவில் பாதிக்கு மேல் திரும்பிவிடுகிறது. மண் அப்படியே இருந்தால் காலும் கையும் அப்படியேதான் போய்ச் சேரும்.

இதில் போடிக்கென்று ஒரு சிக்கல் இருக்கிறது. தொற்று நடக்கும் தோட்டம் கேரளத்தில், ரத்தசோகைக்கு மாத்திரை வாங்கும் ஆஸ்பத்திரி தமிழ்நாட்டில். ‘மக்களைத் தேடி மருத்துவம்’ ஊழியர்கள் வீட்டுக்கு வரும் நேரத்தில் இவர்கள் மலையில் இருக்கிறார்கள். வீட்டுக்கு வருவதைவிட விடிகாலை ஜீப் நிற்கும் இடத்துக்கு வந்தால் ஒரே மணி நேரத்தில் நூற்றுக்கணக்கான பெண்களைப் பார்த்துவிடலாம். நர்சம்மாவிடம் இதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்து, “அஞ்சு மணிக்கா? வரலாம்மா. மேல இருந்து ஒரு ஆர்டர் வந்தா வரலாம்” என்றார்.

அந்த ஆர்டரைத் தேனி மாவட்ட நிர்வாகமும் சுகாதாரத் துறையும் போட வேண்டும். இடுக்கி மாவட்ட அதிகாரிகளோடு உட்கார்ந்து பேசி, தோட்டத் தொழிலாளருக்கு வயது பார்க்காமல், டாக்டர் மேற்பார்வையில், வருஷத்துக்கு இரண்டு முறை மாத்திரை கொடுக்க ஏற்பாடு செய்ய வேண்டும். தோட்ட உரிமையாளர்கள் காய் எடுக்கும் சரிவுக்கு நடுவிலேயே ஒரு கழிப்பறை, கை கழுவத் தண்ணீர், வழுக்காத காலணி கொடுக்க வேண்டும். போடியிலும் புத்தடியிலும் ஸ்பைசஸ் போர்டு ஏலத்தில் காய்க்குக் கிடைக்கும் விலையோடு ஒப்பிட்டால் இது பெரிய செலவு ஆகாது.

உங்கள் வீட்டிலும் மலைக்குப் போகிறவர் இருக்கலாம். அம்மாவோ, மதினியோ, பக்கத்து வீட்டு அக்காவோ, சோர்ந்து படுத்தால், மூச்சு வாங்கினால், பச்சரிசி தின்றால், ரத்தப் பரிசோதனையோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். மலப் பரிசோதனையும் கேளுங்கள். டாக்டர் கேட்கும் வரை காத்திருக்காமல், உட்கார்ந்ததும் முதல் வார்த்தையாகச் சொல்லச் சொல்லுங்கள்: “நான் ஏலத்தோட்டத்துக்கு வேலைக்குப் போறேன், டாக்டர்.”